சுவர் நேராகத்தான் இருந்தது

பாப்பாரப்பட்டி
12.06.2023

தம்பி ஜெயசீலனுக்கு,

உன் பழைய போன் எண் வேலை செய்யவில்லை. காரிமங்கலத்தில் உன் மாமியார் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று இந்த முகவரியை வாங்கினேன். பாரதியின் அம்மா முதலில் தரவில்லை. "மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா எங்களத்தான் வைவாருங்க" என்றார். விஷயத்தைச் சொன்ன பிறகு அவரே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். இதை நீ கிழித்துப் போடலாம். கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

ஏழு வருடம் ஆகிறது. அப்பாவைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் "இனிமே எனக்கு அக்கா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் கல்யாணத்தையும் மகள் பிறந்ததையும் அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றிக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஜனவரியிலிருந்து எனக்கு உடம்பு சரியில்லை. காலையில் எழுந்ததும் பின்மண்டையில் வலி, உடனே வாந்தி. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பருப்பு அண்டாவுக்குள் கரண்டியை விட்டால் அது விளிம்பில் போய் இடிக்கும். நடந்தால் ஒரு பக்கமாக இழுக்கும். மார்ச் மாதம் ஒரு நாள் பாலக்கோட்டில் பஸ் ஏறும்போது படியில் கால் தவறி ஓர் ஆள்மேல் சாய்ந்துவிட்டேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டியாம்மா? எறங்கு, எறங்கு" என்றார்.

"நான் குடிக்கலைங்க" என்றேன்.

நாக்கு குழறியது. அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. பஸ்ஸில் இருந்த நாற்பது பேரில் ஒருவர்கூட நம்பவில்லை. இறங்கி நின்று அழுதேன். அவமானத்தால்தான் அழுகிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

முதலில் எடுத்த ஸ்கேனில் நீர்க்கட்டி என்றார்கள். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், குறையவில்லை. பிறகு உன் மாமா சேலத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே கையில் மருந்து ஏற்றி மறுபடியும் படம் எடுத்தார்கள். டாக்டர் பானுமதி கம்ப்யூட்டரில் காட்டினார். "இந்தப் பெரிய கறுப்பு வெறும் தண்ணிம்மா. ஓரத்துல பட்டாணி மாதிரி வெள்ளையா மின்னுது பாருங்க, அதுதான் கட்டி. முழுக்க ரத்தக்குழாயால ஆனது. மருந்து ஏத்தாம எடுத்தா தண்ணி மட்டுந்தான் கண்ணுல படும்" என்றார். அப்புறம், "உங்க குடும்பத்துல யாருக்காவது இப்பிடித் தள்ளாட்டம், தலைவலி, கண்ணு மங்கறதுன்னு இருந்துச்சா?" என்று கேட்டார்.

பழக்கதோஷத்தில் "எங்கப்பா குடிகாரருங்க" என்று சொல்லிவிட்டேன்.

"எப்பவாவது நிறுத்துனாரா?"

"எங்கம்மா செத்தப்ப நிறுத்திட்டேன்னு சொன்னாருங்க."

"தள்ளாட்டம் எப்ப வந்துச்சு?"

"அதுக்கு நாலு வருசம் கழிச்சுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒத்தக் கண்ணு மங்குதும்மா" என்று அப்பா சொன்னபோது கள்ளச்சாராயம் கண்ணைத்தான் முதலில் தின்னும் என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. "உயிரோட இல்லாதவருக்கு ஸ்கேன் எடுக்க முடியாதும்மா, அதனால உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்றத வெச்சுப் பார்த்தா அவருக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

ஜெயசீலா, அப்பா குடிக்கவில்லை.

கடைசிப் பத்தி இதுதான். இது ரத்தத்தில் வரும் நோய். அப்பாவிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. உனக்கும் வந்திருக்க சரிபாதி வாய்ப்பு உண்டு. உனக்கு இருந்தால் நான் இன்னும் பார்க்காத உன் மகளுக்கும் இருக்கலாம். மருந்து ஏற்றித் தலையையும் முதுகுத்தண்டையும் படம் எடுத்துப் பார். கண்ணையும் காட்டு. தலைவலி வரும்வரை காத்திருக்காதே.

சோபனா

தும்கூர்
03.07.2023

சோபனா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முழுவதும் படித்தேன்.

அப்பா குடிக்கவில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு டாக்டர் சொன்னால்தான் நம்புவீர்கள் போலிருக்கிறது. அவர் தினமும் சொன்னாரே, அது உங்கள் காதில் விழவில்லையா? குடிநோயாளிகள் இல்லத்து விண்ணப்பத்தில் மகள் என்று போட்டுக் கையெழுத்துப் போட்டது நீங்கள். வேன் வந்த அன்று நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். "நீ சின்னப் பையன், சும்மா இரு" என்றீர்கள். அப்பா வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உங்கள் வீட்டுக்காரர் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். நாற்பத்தோராம் நாள் பிணமாகத் திரும்பி வந்தார். மாரடைப்பு என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். நீங்கள் வாங்கி மடித்து வைத்துக்கொண்டீர்கள்.

எனக்கு ஒன்றும் இல்லை. இங்கே லேத் பட்டறையில் நூலளவு பிசகாமல் கடைகிறேன். கை நடுங்குகிறவனை முதலாளி மெஷின் பக்கத்தில் நிற்கவே விடமாட்டார்.

உங்களுக்குக் குணமாக வேண்டும் என்று பாரதி ஜெபிக்கிறாளாம். எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இனிமேல் எழுத வேண்டாம்.

ஜெயசீலன்

பாப்பாரப்பட்டி
20.07.2023

ஜெயசீலா,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். நடக்கத் தெரியாத வயதிலிருந்து உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். எழுத வேண்டாம் என்கிறாய். நீ படம் எடுக்கும்வரை எழுதுவேன்.

போன வாரம் பெங்களூரில் ஆஞ்சியோ பண்ணினார்கள். தொடைக்கு மேலே ரத்தக்குழாயில் மெல்லிய ஒயரை விட்டு மூளைவரை கொண்டு போகிறார்கள். நினைவு இருக்கும். மருந்து விடும்போது முகம் முழுக்கச் சுடுநீர் ஊற்றியது போல இருந்தது, கண்ணுக்குள் மின்னியது. அசையக் கூடாது என்று தலையைக் கட்டியிருந்தார்கள். திரையில் எல்லாக் குழாய்களும் வேர் மாதிரி ஓடி மறைந்துவிட்டன. ஓர் இடத்தில் மட்டும் ரத்தம் போய்த் தேங்கி ஒரு கரும்புள்ளியாக நின்றது. நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அதற்குள்தான் அப்பா இருக்கிறார் என்று பைத்தியம் மாதிரி தோன்றியது. இந்தக் கட்டியில் ஊசி விட்டுக் கிள்ளிப் பார்க்க முடியாதாம், ரத்தம் கொட்டிவிடுமாம். படத்தை நம்பித்தான் எல்லாம்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. உனக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. மேஸ்திரி அப்பாவை வேலையை விட்டு நிறுத்திய அன்று நான் கேட்டேன், "கொத்தனாரு கட்டுன சுவரு கோணலா இருந்தா எவன் வேல குடுப்பான்?" என்று. அப்பா சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சுவரு நேராத்தான் இருக்குது சோபி. எனக்குத்தான் சாயுது" என்றார். நான் சிரித்தேன். நல்ல சாக்கு என்று சொல்லிச் சிரித்தேன்.

இல்லத்தில் முப்பதாம் நாள் பார்க்க விட்டார்கள். அன்றும் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்து வந்தார். வார்டன், "உள்ளாரயே எவனோ சப்ளை பண்றான்மா, கண்டுபுடிக்க முடியல" என்றார். நான் அப்பாவிடம், "இங்கயுமா?" என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். குடிக்கல என்று அன்றைக்குச் சொல்லவில்லை. "வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

கையெழுத்து என்னுடையதுதான். அதை யார்மேலும் தள்ளவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வேன் வருவதற்கு ஒரு வாரம் முன்பு நீதான் ஓடி வந்து சொன்னாய், பாலக்கோட்டில் சாராயக் கடை வாசலில் அப்பா விழுந்து கிடக்கிறார், கண்ணால் பார்த்தேன் என்று. அதுவரை நான் பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை. நீ சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன். அவர் குடிக்கவில்லை என்றால் அன்றைக்கு நீ என்ன பார்த்தாய்?

சோபனா

தும்கூர்
18.08.2023

அக்கா,

ஒரு மாதமாக உன் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பாரதிக்குக்கூட இது தெரியாது.

அப்பா கடை வாசலில் கிடக்கவில்லை.

அன்று சாயங்காலம் நண்பர்களோடு நான்கு பேராகத் தக்காளி மண்டிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம். கடைக்கு அடுத்த கட்டடம் மெடிக்கல். அதற்குப் பக்கத்துச் சந்தில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நான் கிட்டத்தில் போய்விட்டேன். தலை நிமிர்ந்து பார்த்தார். "சீலா, கொஞ்சம் கையப் புடிச்சு ரோட்டத் தாண்டி வுடுடா. வண்டிங்க ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றார். சாராய வாசனை துளிகூட இல்லை. ஒரு கையில் மாத்திரைக் கவர் இருந்தது.

பின்னாலிருந்து ஒருவன், "யாருடா, உங்கப்பனா?" என்றான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"இல்ல. எங்க ஊர்க்காரரு" என்றேன்.

அப்பாவுக்குக் கேட்டிருக்கும். கை எட்டும் தூரத்தில்தான் இருந்தேன். அவர் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். அப்புறம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அதற்குள் முந்திக்கொண்டு நானே வந்து சொன்னேன். குடித்துவிட்டு விழுந்து கிடந்தார் என்றால் அவர் என்ன சொன்னாலும் எடுபடாது இல்லையா? அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. வேனில் ஏற்றும்போது நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று இப்போது உனக்குப் புரியும். நம்பிக்கையால் கத்தவில்லை. எனக்குத் தெரியும், அதனால் கத்தினேன். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ஏழு வருடமாக உன்மேல் கோபம் கோபம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். உன்மேல் கோபமாக இருந்தால்தான் எனக்கு உறக்கம் வரும்.

படம் எடுக்க மாட்டேன். அப்பாவுக்குக் கிடைக்காத வைத்தியம் எனக்கு வேண்டாம். வருவது வரட்டும்.

ஜெயசீலன்

பாப்பாரப்பட்டி
29.08.2023

ஜெயசீலா,

உன் கடிதத்தை மாமா வாசித்துக் காட்டினார். எனக்கு எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது. பாதியில் அவர் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். மீதியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நானே படித்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. நீ அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். ஒருவேளை போட்டிருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டார் என்று ஏன் எழுதினாய்? அதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

நமக்குள் கணக்குத் தீர்க்க எனக்கு நேரம் இல்லை. வருகிற பதினொன்றாம் தேதி பெங்களூரில் ஆபரேஷன். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு முழுசாக எடுக்க வேண்டுமாம். இடம் மூச்சுக்கும் விழுங்குவதற்கும் பக்கத்தில் இருக்கிறதாம். டாக்டர் எதையும் மறைக்கவில்லை.

நீ தண்டனை அனுபவிக்க வேண்டும் என்றால் தாராளமாக அனுபவி. அதற்கு உன் மகள் அமுதாவை ஏன் கூட்டு சேர்க்கிறாய்? உனக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால்தான் அவளைச் சோதித்துப் பார்க்க முடியும். கண்ணில் இருந்தால் ஆரம்பத்திலேயே லேசரில் சுட்டு விடுவார்களாம். என் வலது கண்ணுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. உனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால் அமுதாவுக்கும் இல்லை. அதோடு முடிந்தது.

அப்பாவும் கை நீட்டிக் கேட்டார், நானும் கேட்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை, நம் குடும்பத்தில் அந்த ஒரு குழந்தைதான். போய்ப் படம் எடு.

சோபனா

பாப்பாரப்பட்டி
02.11.2023

தம்பி சீலா,

எழுத்து கோணலாக இருக்கும். பார்த்துப் படி. ஒரு வரி எழுத ரொம்ப நேரம் ஆகிறது.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். ஐந்து நாள் நினைவில்லை. குரல் போய்விட்டது, காற்று மட்டும் வருகிறது. கஞ்சியைத்தான் விழுங்க முடிகிறது. வலது கண் போனது போனதுதான். முதுகுத்தண்டில் இன்னொரு சின்னப் புள்ளி தெரிகிறதாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். சத்துணவு வேலைக்கு இனிப் போக முடியாது. மாமாதான் எல்லாம் செய்கிறார். தக்காளி லோடு ஏற்றிப் போன இடத்திலிருந்து நடுவில் ஒரு தடவை வந்து என்னை எழுப்பி உட்கார வைத்துவிட்டுப் போகிறார். அன்று அப்பாவின் விரலைப் பிரித்த கை என்று அவரே ஒரு நாள் சொல்லி அழுதார்.

நீ வந்ததாகச் சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாயாம். எனக்கு ரத்தம் கொடுத்தாயாம். நான் கண் திறந்துவிட்டேன் என்று நர்ஸ் வந்து சொன்னதும் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாயாம்.

ஏன் சீலா? உள்ளே வந்திருக்கலாம். எனக்குக் குரல் இல்லை, உன்னைத் திட்டக்கூட முடியாது.

பஞ்சாயத்து ரோட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகுகிறேன். தெரியாத ஆட்கள் ஒதுங்கிப் போகிறார்கள். நான் எதுவும் சொல்வதில்லை.

நீ படம் எடுத்தாயா?

அக்கா

தும்கூர்
21.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எடுத்தேன். உன் கோணல் எழுத்தைப் பார்த்த மறுநாளே போய் எடுத்தேன்.

இருக்கிறது. சிறுமூளையில் ஒன்று, துவரம் பருப்பு அளவு. தண்ணீர் கோக்கவில்லை. இப்போது கை வைக்க வேண்டாம், வருடா வருடம் படம் எடுத்தால் போதும் என்றார்கள். கண் சுத்தமாக இருக்கிறது. ஒரு தலைவலி இல்லை, ஒரு தள்ளாட்டம் இல்லை. நீ எழுதாமல் இருந்திருந்தால் ஒரு நாள் மெஷின்மேல் விழும்வரை தெரிந்திருக்காது. பாரதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சந்தில் நடந்தது உட்பட. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினாள்.

ஆஸ்பத்திரியில் உள்ளே வராததற்குக் காரணம் கேட்டிருந்தாய். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மொட்டைத் தலையும் வாயில் குழாயுமாக நீ படுத்திருந்தபோது அச்சு அசல் அப்பா முகம். அந்த முகம் கண் திறந்து என்னைப் பார்க்கும் என்று தெரிந்ததும் கால் தானாக எழுந்துவிட்டது. இப்போது அப்படி ஓட மாட்டேன். தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வருவதற்குள் மூவரும் வருகிறோம்.

அமுதாவுக்கு இந்த மாத ஆரம்பத்தில் மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். நேற்று முடிவு வந்தது. அவளுக்கும் இருக்கிறது, அக்கா. இப்போதைக்குக் கட்டி எதுவும் இல்லை, கண்ணும் நன்றாக இருக்கிறது. ஆனால் வருடம் தவறாமல் கண்ணைக் காட்ட வேண்டும், கொஞ்சம் வளர்ந்ததும் தலையைப் படம் எடுக்க வேண்டும். வாழ்க்கை முழுவதும்.

ரத்தம் எடுத்த அன்று நடந்ததை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாரதி, "மதினிகிட்ட மறைக்காதீங்க, மறைச்சது போதும்" என்றாள்.

ஊசிக்கு முன்னால் அமுதா அழுதாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? மடியில் உட்கார வைத்து, "அத்தைக்குத் தலையில நோவு இருக்குதில்ல, அப்பாவுக்கும் கொஞ்சம் இருக்குது, உனக்கு வரக் கூடாதுன்னுதான் இப்பவே பாக்குறாங்க" என்றேன். அழுகையை நிறுத்திவிட்டாள்.

"அத்தைக்கு யாரு குடுத்தது?"

"தாத்தாகிட்ட இருந்து வந்துச்சு."

"தாத்தாவ யாருப்பா ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனது?"

அக்கா, ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கம் நர்ஸ் வேறு நின்றுகொண்டிருந்தாள்.

"யாரும் கூட்டிட்டுப் போகலம்மா" என்றேன்.

"ஏன்?"

"தாத்தா குடிச்சிருக்காருன்னு நெனச்சிட்டோம்."

அவள் என் சட்டைப் பித்தானைத் திருகினாள். "குடிச்சியான்னு அவருகிட்டயே கேட்டிருக்கலாமில்ல?" என்றாள்.

"கேட்டோம்மா" என்றேன். "குடிக்கலன்னுதான் சொன்னாரு."

நர்ஸ் கூப்பிட்டாள். அமுதா தானாகவே இறங்கிப் போய்க் கையை நீட்டினாள்.

உன் தம்பி
சீலன்